டெல்ஃபின் கட்லெக்கும் புனிதக் குழாயும்

ஏரிக்கரை ஊரான கெவானியில் டெல்ஃபின் கட்லெக்கைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. அவளுக்கு வாய் நீளம் என்பதில் ஊரே ஒரே கட்சி. அதைக் குறையாகச் சொல்பவர்கள் அவளோடு வாதாடித் தோற்றவர்கள். பெருமையாகச் சொல்பவர்கள் அவளைத் தங்களுக்காக வாதாடவிட்டு ஜெயித்தவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலோர் அலுமினியப் பாத்திரத் தொழிற்சாலையில் மெருகு போடும் பிரிவில் வேலை பார்த்த பெண்கள்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. இருந்த காலத்தில், ஆண்கள் பாத்திரத்தை அழுத்தி வார்த்தால் அது உழைப்பு, அதே பாத்திரத்தைப் பெண்கள் தேய்த்து மினுக்கினால் அது கைவேலை என்று நிர்வாகம் இரண்டு கூலி வைத்திருந்தது. சங்கப் பிரதிநிதியாக இருந்த டெல்ஃபின் ஒருநாள் மேலாளரின் அறைக்குள் போய், மெருகேறாத பாத்திரம் ஒன்றை அவர் மேசைமேல் வைத்தாள். "கைவேலைதானே, இன்னிக்கு மத்தியானம் நீங்க பண்ணுங்க. உங்க வேலைய நான் பார்த்துக்கறேன். உங்க வேலை என்னன்னு மட்டும் யாராவது எனக்குச் சொல்லிட்டுப் போங்க" என்றாள். கூலி சமமாயிற்று. தொழிற்சாலை மூடும்வரை அந்த மேலாளர் அவளை நடைக்கூடத்தில் கண்டால் வேறு ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி திரும்பி நடப்பார்.

மூடிய பிறகு அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் போவதில்லை. பக்தர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கி மீன் தின்பார்கள்; அந்த மீனை மட்டும் அவள் விடுவதில்லை. "அவங்க சாமிக்காகத் தின்றாங்க, நான் மீனுக்காகத் தின்றேன். மீனைக் கேட்டா யாரு பக்கம் நிக்கும்?" என்பாள். கணவன் ஆரின் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. தச்சுவேலை செய்பவன்; உதட்டில் ஆணி வைத்திருந்து பழகியதால் பேச்சு குறைந்துபோனவன் என்று அவளே சொல்லுவாள்.

வீட்டுக்குக் கீழே நிலவறையில் அவள் பீர் காய்ச்சினாள். தன் பீரைப் பற்றி அவளுக்கு அடக்கம் கிடையாது. ஆனாலும் அந்த ஊரில் பீர் காய்ச்சுபவர்களுக்கு உச்சம் என்று ஒன்று உண்டு. அது வீட்டில் இல்லை, ஸ்லடெக் மதுக்கடையின் பின்கொட்டகையில், மரச்சட்டத்தின்மேல் படுத்திருக்கும் பழைய பிராந்திப் பீப்பாயில் இருந்தது.

கஸ் வாவ்ரா என்பவர் தொடங்கிவைத்த வழக்கம் அது. அவர் அமைத்த பீர் காய்ச்சுவோர் கழகத்தில் பத்துப் பேர். ஒவ்வொரு குளிர்காலமும் பத்துப் பேரும் தங்கள் வீட்டில் ஒரே வகைக் கறுப்பு பீரைக் காய்ச்சிப் புளிக்கவைத்து, ஒரே நாளில் கொண்டுவந்து அந்தப் பீப்பாயில் ஊற்றுவார்கள். ஒரு வருடம் கழித்துத் திறந்து பங்கு போடுவார்கள். பீப்பாயின் முகப்பில் பத்துப் பெயர்கள் சூட்டுக்கோலால் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பத்தில் பெண் பெயர் என்றைக்கும் இருந்ததில்லை. இப்போதைய தலைவன் லைல் ஸ்வோபோடா பெண்களுக்கு எதிரி அல்ல, விதிகளுக்கு நண்பன். அந்த விதிகளை எழுதியபோது அறையில் பெண்கள் இல்லை, அவ்வளவுதான். அவர்கள் பின்னால் சீசா கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கழகத்தில் ஓர் இடம் காலியாக இரண்டே வழி: ஒன்று சாவு, இன்னொன்று கிழவர்கள் குளிருக்குப் பயந்து குடிபோகும் ஃப்ளோரிடா. அந்த வருடம் ஒருவர் ஃப்ளோரிடாவுக்குப் போனார். வரிசையில் முதலில் நின்றவள் டெல்ஃபின். விதிப் புத்தகத்தை லைல் அட்டையிலிருந்து அட்டைவரை படித்துப் பார்த்தான். அவளைத் தடுக்க ஒரு வரிகூட இல்லை. ஆகவே அனுமதித்தான், விதி விதிதான். ஆனால் வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவன் லைலின் மச்சான். அவன் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

பீப்பாய்க்குள் போவதற்கு முன் ஒவ்வொருவரின் பீரும் ஒரு சோதனையில் தேறவேண்டும். கண்ணாடியாலான மிதவைக் குழாய் ஒன்று, ஹைட்ரோமீட்டர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் போடும் மானியின் சகோதரன். திரவத்தில் சர்க்கரை இருந்தால் அது உயர்ந்து மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்க ஆக்க, கீழே அமிழும். கழுத்துக்குள் ஒட்டிய தாளில் எண்கள் இருக்கும். வெறும் தண்ணீர் என்றால் சுழியம். புளித்து முடிந்த கறுப்பு பீர் பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே நிற்கவேண்டும் என்பது கஸ் வாவ்ராவின் கணக்கு. அதற்கு மேலே நின்றால் புளிப்பு பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். கீழே போனால் பீரில் சத்து இல்லை, அல்லது வேறேதோ கிருமி புகுந்துவிட்டது என்று பொருள்.

அந்தச் சோதனைக்கு கஸ் வாவ்ராவின் சொந்தக் குழாயை மட்டும்தான் பயன்படுத்துவார்கள். கஸ் உயிரோடிருந்தபோது அது அவருடைய காலுறை இழுப்பறையில் கிடந்தது. அவர் செத்த பிறகு அதற்கு மதிப்பு வந்தது. கண்ணாடி முகப்பு வைத்த மரப்பெட்டி, உள்ளே நீல வெல்வெட். ஸ்லடெக் கடையின் சுவரில், மீன் பொரிக்கும் சட்டிக்கு நேர்மேலே, எல்லோரும் சாப்பிடும்போது பார்க்கிற மாதிரி மாட்டிவைத்தார்கள். வருடத்துக்கு இரண்டு தரம் லைல் கையைக் கழுவிக்கொண்டு அதை எடுப்பான். அப்போது சிலர் தொப்பியைக் கழற்றுவார்கள்.

முதல் சோதனை ஒரு வெள்ளிக்கிழமை, மீன் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. ஒன்பது பேரும் தேறினார்கள். டெல்ஃபினின் பீரில் குழாய் இறங்கி, ஆடி, நின்றது.

"இருபத்தாறு" என்றான் லைல்.

"இருக்காது. காலைல வீட்ல பார்த்தேன். இருபது."

"டெல், நான் பார்க்கிறது கஸ்ஸோட குழாய்ல."

"நானும் கண்ணாலதான்யா பார்த்தேன், காதால இல்ல."

"உன் புளிப்பு பாதியில நின்னுபோச்சு. நடக்கிறதுதான், வருத்தப்படாத. பீப்பாய் ரொப்புற அன்னிக்கு இன்னொரு தரம் பார்ப்போம். அன்னிக்கும் தேறலைன்னா, விதி இருக்கு..." என்று லைல் இழுத்தான்.

வாக்கியத்தின் மிச்சம் சுவர் ஓரமாக நின்று கேக் தின்றுகொண்டிருந்தது. லைலின் மச்சான்.

இந்த இடத்தில் டெல்ஃபினைத் தெரிந்தவர்கள் ஒன்றை எதிர்பார்ப்பார்கள். குழாய்தான் தப்பு என்று அவள் அங்கேயே சண்டைக்கு நின்றிருப்பாள் என்று. இல்லை. அவள் வீட்டுக்குப் போய்த் தன் பீரைச் சந்தேகப்பட்டாள். யாரையும் கும்பிடாதவள்தான், ஆனால் அவளும் அதே சுவரின்கீழ் உட்கார்ந்து வருடக்கணக்காக மீன் தின்றவள். கும்பிடாதவர்களுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

நிலவறை கொஞ்சம் குளிர் என்பதால் ஈஸ்ட் தூங்கிவிட்டிருக்கும் என்று நினைத்து, கண்ணாடிக் குடுவைக்கு ஆரினின் மின்சாரப் போர்வையைச் சுற்றினாள். ஆரின் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுத்தான்.

"பீருக்கு ஜலதோஷம் பிடிக்கக்கூடாதுன்னு என்னை விறைக்க வைக்கிறியே."

"நீ விறைச்சா யாரும் இருபத்தாறுன்னு சொல்ல மாட்டாங்க. தூங்கு."

மானி அசையவில்லை. இருபது. அடியில் படிந்த ஈஸ்ட்டைக் குடுவையோடு ஆட்டி எழுப்பினாள். இருபது. வாயுக் குமிழிகள் மானியில் ஒட்டிக்கொண்டு தூக்குகின்றனவோ என்று, டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதுபோல இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஊற்றி நுரையை விரட்டினாள். இருபது. புது ஈஸ்ட்டை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் பொங்கவைத்து உள்ளே விட்டாள். அது ஒரு நாள் முழுக்க விருந்தாளி மாதிரி சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு அடியில் போய்ப் படுத்தது. இருபது. தன் மானிதான் கெட்டுவிட்டதோ என்று புதிதாக ஒன்று வாங்கிவந்து போட்டாள். அதுவும் இருபது.

கடைசியில் மெர்ல் லெப்லாங்கைக் கூப்பிட்டாள். மெர்ல் கழகத்தில் ஒருவன், பால்மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவன். அவன் குனிந்து குடுவையில் காதை வைத்துக் கேட்டான்.

"முடிஞ்சுபோச்சு டெல். பாதியில நிக்கல. தின்ன வேண்டியதெல்லாம் தின்னுட்டு நிம்மதியாப் போய்ச் சேர்ந்திருக்கு. இயற்கை மரணம்."

"அப்புறம் ஏன் இருபத்தாறு?"

"அதான் எனக்கும் தெரியல. இரு, என் மானியைப் போட்டுப் பார்ப்போம்." பையிலிருந்து எடுத்துப் போட்டான். இருபது காட்டியது. "ஆங், ஆறு கூட்டிக்கணும். இருபத்தாறுதான்."

"எதுக்கு ஆறு கூட்டணும்?"

"இந்த மானி ஆறு குறைச்சுக் காட்டும். பழசு. நான் எப்பவும் வீட்ல பதினாலு வர்ற வரைக்கும் விட்டுட்டுத்தான் கொண்டுவருவேன். அங்க இருபது காட்டும்."

டெல்ஃபின் மெர்லின் மானியைக் கழுவி, ஒரு ஜாடித் தண்ணீரில் போட்டாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். சுழியம். மயிரிழை பிசகில்லை.

"உன் மானி சரியாத்தானய்யா இருக்கு."

மெர்ல் தலையைச் சொறிந்தான். "தண்ணியில சரியா இருக்கும்போல. கஸ்ஸோட குழாயோட ஒத்துப்போகலையே."

"மாட்டுக்கு ஜுரமான்னு எப்பிடிப் பார்க்கிற?"

"தெர்மாமீட்டர்ல."

"செத்துப்போன டாக்டரோட தெர்மாமீட்டர்லயா?"

மெர்ல் கோப்பையை எடுத்தான். பீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான். "நல்லாருக்கு. நம்ம பீப்பாயில வர்றதைவிடக் கெட்டியா இருக்கு. கஸ் போனதுலேர்ந்து பீப்பாய் கொஞ்சம் நீர்த்துப்போச்சு தெரியுமா? அவரு கை அப்படி. கைராசி."

டெல்ஃபின் அவனை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே ஏதோ ஒரு சக்கரம் சுழல ஆரம்பித்தது. ஆனால் ஒரு தொழிலாளி புகார் சொன்னால் அது புலம்பல். பிரிவு முழுக்கச் சொன்னால்தான் வழக்கு. அது அவள் தொழிற்சாலையில் கற்றது.

புதன்கிழமை ஸ்லடெக் கடையில் இறைச்சியைப் பரிசாக வைக்கும் சீட்டுக் குலுக்கல். ஊரே கூடும், ஒரு தட்டு பன்றி விலாவுக்காகப் பெரிய மனிதர்களெல்லாம் சிறுபிள்ளைகளாகும் நாள். சத்தத்தின் மறைவில் டெல்ஃபின், லைலைத் தவிர, கழகத்துக்காரர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள். ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "உன் மானி சரியாக் காட்டுதா?"

ஒருவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னான்: "யாருட்டயும் சொல்லாத. என்னுது ஓட்டை மானி. ஆறு குறைக்கும்." இன்னொருவன் தன் நிலவறை ஏரி மட்டத்துக்குக் கீழே இருப்பதால் காற்றழுத்தம் மாறி ஐந்தோ ஆறோ குறைகிறது என்றான், அதற்கு அறிவியல் விளக்கமும் வைத்திருந்தான். மூன்றாமவன், தனக்குக் கண்ணில் புரை ஆரம்பித்துவிட்டது, மனைவிக்குத் தெரியவேண்டாம், ஆறு கூட்டிக்கொள்கிறேன் என்றான். நாலாமவன், திருடன் பிடிபட்டமாதிரி சிவந்துபோய், வெந்நீர்ச் சூட்டைக் குறைத்து பார்லியை ஊறவைத்து, கூடவே கொஞ்சம் வெறும் சர்க்கரையும் கலந்து பீரை நீர்க்கவைப்பதாக ஒத்துக்கொண்டான். "வேற வழி? அப்பதான் கஸ்ஸோட குழாய்ல இருபது வருது."

ஒவ்வொருவரும் தன் மானியை, தன் நிலவறையை, தன் கண்ணைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தார்கள். சுவரில் இருந்ததை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே நோய் வந்தால், கிணற்றைப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் நோயை வெட்கத்தில் மூடிவைத்திருந்தார்கள்.

அன்றிரவு அவள் விலா எலும்பு எதையும் ஜெயிக்காமல், ஆனால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"லைல்கிட்ட போய் நேராச் சொல்லிடேன்" என்றான் ஆரின்.

"சொன்னா? 'டெல்லோட பீர் தேறல, அதனால கஸ்ஸோட குழாயைக் குறை சொல்றா'ம்பான். ஊரும் ஆமான்னும். வேணாம். அவனையே சொல்ல வைக்கணும்."

"எதை?"

"எதையாவது. அவன் வாயால."

பீப்பாய் ரொப்பும் சனிக்கிழமை, ஏரி கரையோரம் வரை உறைந்திருந்தது. கொட்டகையில் அடுப்பு எரிந்தது. பீப்பாயை வெந்நீர் விட்டு ஊறவைத்து வடித்திருந்தார்கள். அன்றைக்கே நிரப்பாவிட்டால் பலகை காய்ந்து விரிசல் விடும். பத்துப் பேரின் பீரும் வரிசையாக நின்றது. முதலில் எல்லாவற்றையும் சோதிப்பார்கள், பிறகுதான் ஊற்றுவார்கள். லைல் கையைக் கழுவினான். தொப்பிகள் இறங்கின. ஒன்பது பீர், எல்லாம் பத்தொன்பது, இருபது, இருபது, இருபத்தொன்று. கைதட்டல்.

பத்தாவதாக டெல்ஃபின் தன் சோதனை ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். பழைய தொழிற்சாலையில் செய்த உயரமான அலுமினிய ஜாடி. விளிம்புவரை கறுப்பாகத் ததும்பியது. லைல் குழாயை மெல்ல இறக்கினான். அது சரசரவென்று ஆழத்துக்குப் போய், மேலே எழும்பி, நின்றது. லைல் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"ஆறு!"

கொட்டகையே மூச்சை இழுத்தது.

"என்னது? போன தடவை இருபத்தாறு, இப்ப ஆறா?" என்றான் நிலவறை ஏரிக்குக் கீழே இருப்பவன்.

லைலின் முகத்தில் மருத்துவர்களுக்கு வரும் அந்தத் துயரமான சந்தோஷம் வந்தது. "டெல், மனசைத் திடப்படுத்திக்க. உன் பீர்ல காட்டு ஈஸ்ட் புகுந்திருச்சு. அது கண்டதையும் தின்னும். உன் ரப்பர் குழாயை எப்ப மாத்தின?"

"போன வருஷம்."

"அதான். குழாய்க்குள்ள குடும்பம் நடத்தியிருக்கு."

"இல்ல லைல், எனக்குத் தெரிஞ்சு அவ பயந்துபோய் நின்னுபோன புளிப்பைக் கிளப்புற அந்த என்சைம் பொடியைக் கொட்டியிருப்பா" என்றான் சர்க்கரை கலப்பவன்.

"கொட்டினியா டெல்?"

"பொடி எதுவும் போடல."

"பார்லியை ரொம்பக் கம்மிச் சூட்டுல ஊறவச்சிருப்பா" என்றான் ஒருவன். "பொம்பளைங்க வெந்நீர்னா குழந்தையைக் குளிப்பாட்டுற சூடுதான் வைப்பாங்க" என்றான் லைலின் மச்சான். அவன் ஏற்கெனவே தன் பீர் டின்களைக் காரிலிருந்து இறக்கியிருந்தான்.

லைல் ஜாடியின்மேல் குனிந்து மோந்து பார்த்தான். கண்ணை மூடி யோசித்தான். "லேசா ஒரு மாட்டுக்கொட்டகை வாடை வருது. நல்லா மோந்தாத்தான் தெரியும்."

இருவர் மோந்து பார்த்துத் தலையாட்டினார்கள். மாட்டுக்கொட்டகையை உண்மையில் அறிந்த மெர்ல் மட்டும் மோந்துவிட்டு, குழப்பத்தோடு டெல்ஃபினைப் பார்த்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

"அப்ப இது காப்பாத்த முடியாத கேஸ்தானா லைல்?" என்றாள்.

"பீப்பாயில ஊத்தினா எல்லாத்தையும் கெடுத்துடும். வடிகால்லகூட ஊத்தாத, மீன் செத்துப்போகும்."

டெல்ஃபின் குழாயைப் பத்திரமாக வெளியே எடுத்துத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். ஜாடியைத் தூக்கி, அண்ணாந்து, பாதியைக் கடகடவென்று குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்தாள். நாக்கு கறுத்திருந்தது.

"தண்ணி" என்றாள். "எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. கேக்குக்குப் போடற கறுப்புச் சாயம் நாலு சொட்டு."

மெர்ல் ஜாடியை வாங்கி ஒரு வாய் குடித்தான். "தண்ணிதான்" என்றான். கொஞ்சம் யோசித்து, "வியாதி ஒண்ணும் இல்ல" என்று சேர்த்துக்கொண்டான்.

லைல் எளிதில் விழுகிற மரம் அல்ல. "உங்க தெருப் பக்கம் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. கனமான தண்ணி. ஆறு காட்டும்" என்றான்.

"இந்தக் கொட்டகைக் குழாய்ல பிடி."

பிடித்தார்கள். ஆறு. வெளியே போய்ப் பனியை அள்ளிவந்து அடுப்பில் உருக்கி, ஆறவைத்துப் பார்த்தார்கள். ஆறு. பிறகு மெர்ல் தன் மானியைப் போட்டான். சுழியம். கண்ணில் புரை என்று சொன்னவன், சொல்லாமல் காருக்குப் போய்த் தன்னுடையதை எடுத்துவந்து போட்டான். சுழியம். அவன் முகம் மலர்ந்தது. "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு!" என்று கத்திவிட்டு, மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் தரையைப் பார்த்தான்.

அதன்பிறகு அணை உடைந்தது. என்னுதும் ஆறு, என்னுதும் ஆறு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில் லைல் ஒரு டின்மேல் உட்கார்ந்தான்.

"நான் மூணு மானி வாங்கினேன்" என்றான். "மூணும் தப்புன்னு ஏரியில வீசினேன்."

"மூணு நிரபராதிங்க" என்றாள் டெல்ஃபின்.

மெர்ல் புனிதக் குழாயை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கழுத்துக்குள் எண் தாளுக்குக் கீழே கண்ணாடியில் பழுப்பாக ஒரு தடம். "இது பழைய பசை. தாள் முதல்ல இங்க இருந்திருக்கு. மேல நழுவியிருக்கு."

"தாள் எப்பிடி மேல நழுவும்? கீழதான நழுவணும்?" என்றான் லைல்.

"பெட்டியில எந்தப் பக்கம் மேல இருக்கு?"

எல்லோரும் கடைச் சுவரை நினைத்துப் பார்த்தார்கள். நீல வெல்வெட்டில், அடியில் இருக்கவேண்டிய ஈயக் குண்டு மேலே, கழுத்து கீழே. தலைகீழாக. அடியிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்ச் சட்டியின் சூடு. பசை இளகியிருக்கிறது, தாள் மெல்ல மெல்லக் கழுத்து நுனிக்கு இறங்கியிருக்கிறது. நிமிர்த்தி மிதக்கவிட்டால், இறங்கியது ஏறியதாகிவிடும். காலுறைகளோடு கிடந்த காலத்தில் அது பொய் சொன்னதே இல்லை. கும்பிட ஆரம்பித்த நாளிலிருந்துதான் பொய் சொல்லியது.

"அதைத் தலைகீழா மாட்டினது எந்த முட்டாள்?" என்றாள் டெல்ஃபின்.

அந்தப் பெட்டியைச் செய்து மாட்டியது யார் என்பது ஊர் முழுவதற்கும் தெரியும்; கேட்ட பிறகுதான் அவளுக்கும் ஞாபகம் வந்தது. பத்து ஜோடிக் கண்களும் கதவோரம் நின்ற ஆரினிடம் போயின. அவன் உதட்டில் அன்றைக்கு ஆணி இல்லை. தப்பிக்க வழியும் இல்லை.

"குண்டுலதான் கஸ்ஸோட பேரு பொறிச்சிருக்கு" என்றான். "தலைகீழா வச்சாத்தான் பேரு நேராத் தெரிஞ்சுது."

டெல்ஃபின் அவன் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்கு வா" என்றாள். "போர்வையை நீயே வச்சுக்க. அதுக்கு மேல ஒண்ணும் எதிர்பார்க்காத."

சிரிப்பு அடங்கியதும் மெர்ல் சரியான மானியில் அவளுடைய நிஜ பீரை அளந்தான். இருபது. லைல் எழுந்து நின்றான்.

"டெல்ஃபின் கட்லெக், தேறியாச்சு." பிறகு மற்றவர்களைப் பார்த்தான். "நம்ம ஒம்பது பேரோடதும் பதினாலுக்குப் பக்கம். பதினெட்டுக்குக் கீழ. விதிப்படி... ஒம்பதும் தேறல. என்னோடதையும் சேர்த்து."

பீப்பாய் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பீர் மட்டும் ஊற்றினால் பீப்பாய் பாழ். மச்சான் நம்பிக்கையோடு ஓரடி முன்னால் வந்தான். மெர்ல் அவன் பீரையும் அளந்தான். பதின்மூன்று. மச்சான் ஓரடி பின்னால் போனான்.

டெல்ஃபினுக்குச் சிரிப்பு முட்டியது. தன்னை வெளியே நிறுத்திய ஒன்பது பேரும் இப்போது வெளியே நிற்கிறார்கள், அதே விதியின் பெயரால். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். அவளுக்கோ பேசாமல் இருக்கத் தெரியாது.

"இவங்க பீருக்கு என்ன குறைச்சல் லைல்? கெட்டுப்போச்சா? கொஞ்சம் நீர்த்திருக்கு, அவ்வளவுதான். அதுவும் இவங்க தப்பில்ல. தப்பான மானி கேட்டதைக் கொடுத்திருக்காங்க. கேட்ட மாதிரி செஞ்சவனை, கேட்டது தப்புன்னு தெரிஞ்சப்புறம் தண்டிக்கிறது எந்த ஊரு நியாயம்?"

"விதிய மாத்தணும்னா கூட்டம் போடணும்."

"பத்துப் பேரும் இங்கதானய்யா நிக்கிறோம்! இது கூட்டமில்லாம கல்யாணமா? கையைத் தூக்குங்க."

ஒன்பது கைகள் உயர்ந்தன. பத்தாவதாக லைல், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறவன் மாதிரி, கையைத் தூக்கினான்.

"ரெண்டு நிபந்தனை" என்றாள் டெல்ஃபின். தூக்கிய கைகள் அப்படியே நின்றன. "இனிமே எந்த மானியும், யாரோடதா இருந்தாலும், முதல்ல தண்ணியில நின்னு காட்டிட்டுத்தான் பீர்ல இறங்கணும். ரெண்டாவது, சீசா கழுவுறது முறை வச்சு. பத்துப் பேரும். பொண்டாட்டிங்க இல்ல, பேரு எழுதியிருக்கிறவங்க."

முதல் நிபந்தனைக்கு யாரும் முணுமுணுக்கவில்லை. இரண்டாவதற்கு முணுமுணுத்தார்கள். பீப்பாயைக் காட்டி, "காயுது" என்றாள். நிறைவேறியது.

அவளுடைய பீரை முதலில் ஊற்றினார்கள். புனலைப் பிடித்துக்கொண்டது லைல். கறுப்பாக, கனமாக, நூல் பிடித்த மாதிரி அது உள்ளே இறங்கியது. குடுவையின் அடியில் எஞ்சியதை லைல் ஒரு கோப்பையில் வடித்து, வாயில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் விழுங்காமல் நின்றான்.

"டெல்" என்றான். "அப்படியே கஸ் காய்ச்சின மாதிரி இருக்கு."

"இல்ல" என்றாள் டெல்ஃபின். "நான் காய்ச்சின மாதிரி இருக்கு. அடுத்த குடுவையைத் தூக்கு."